சாட்ஸ்வொர்த் பள்ளிக்கூடத்தை யார் கட்டியது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அங்கே தெருமுனையில் இருந்த தொடக்கப் பள்ளியைக் காட்டி, பெரியப்பா முறையுள்ள ஒருவர் "வெள்ளைக்காரன் எங்களை வீட்டை விட்டுத் துரத்தினான், ஆனா பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்துட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மா, எண்பதைத் தாண்டிய ஆயா, உடனே மறுத்து "அது எங்கப்பா மாதிரி ஆளுங்க காசு போட்டு, கல் சுமந்து கட்டின பள்ளிக்கூடம்" என்றாராம். கட்டடத்தைப் பார்த்தால் 1960களில் அரசாங்கம் கட்டியது போலத்தான் இருக்கிறது, இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஒரு கட்டடத்தின் வயதைப் பற்றிய கேள்வியாக இதை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் யாருடையது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்தவன். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன். அதற்காக இரண்டு முறை டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் மாதக்கணக்கில் தங்கி ஆவணங்களைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது நேட்டாலுக்கு, அதிலும் டர்பன் பகுதிக்குப் பொருந்தும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கதை வேறு மாதிரி போனது. அதைப் பிறகு ஓரிடத்தில் தொட்டுக் காட்டுகிறேன்.

என் கணிப்பு இது: உங்கள் பெரியப்பாவும் ஆயாவும் இரண்டு வெவ்வேறு கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இருவருமே தங்களுக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆயா படித்த கட்டடம் சாட்ஸ்வொர்த்தில் இருந்திருக்க முடியாது. அவர் பள்ளிக்குப் போன காலத்தில் சாட்ஸ்வொர்த் என்ற நகர்ப்பகுதியே இல்லை. அங்கே இந்திய விவசாயிகள் வாழைத் தோட்டம் வைத்திருந்தார்கள். அந்த நிலத்தை டர்பன் நகராட்சி கையகப்படுத்தி வீடுகளைக் கட்டி 1964இல் குடியிருப்பாகத் திறந்தது.

முதலில் ஆயாவின் கட்டடத்துக்கு வருவோம். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் சுரங்கங்களுக்கும் கொண்டு போகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற நினைப்பே ஆரம்பத்தில் அரசுக்கு இல்லை. முதல் பள்ளிகளை மிஷனரிகள்தான் தொடங்கினார்கள். 1867இல் சபோன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் டர்பனில் ஒன்று தொடங்கினார். ரால்ஃப் ஸ்டாட் என்ற மெதடிஸ்ட் போதகர் மட்டக்களப்பில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு நேட்டாலுக்கு வந்தவர். அதனால் தமிழ் தெரிந்தவர். இந்தியத் தொழிலாளர்களிடையே ஊழியம் செய்த அவரும் பள்ளிகள் நடத்தினார். 1878இல்தான் இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்கென்று தனிச் சட்டம் வந்து, அதற்கென ஒரு வாரியம் அமைந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இனஒதுக்கல் என்றதும் 1948 தேர்தலும் அதில் வென்ற தேசியக் கட்சியும்தான் நம் நினைவுக்கு வரும். பள்ளிக்கூட விஷயத்தில் அந்தக் கோடு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே போடப்பட்டுவிட்டது. வெள்ளையர் பள்ளிகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இந்தியப் பிள்ளைகள் படித்து வந்தார்கள். 1899இல் அந்தக் கதவையும் அடைத்து, டர்பனில் இந்தியருக்கென்று தனியாக ஓர் உயர்தரப் பள்ளியைத் திறந்தார்கள். காந்தி 1897இல் குடும்பத்தோடு டர்பனுக்கு வந்தபோது, சலுகையாக அவருடைய பிள்ளைகளை மட்டும் வெள்ளையர் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு இருந்தது. மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை தன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

சரி, அரசுப் பள்ளிகள் சில மட்டும்தான், பிள்ளைகளோ ஆயிரக்கணக்கில். என்ன செய்வார்கள்? தாங்களே கட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேட்டாலிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். நிலமும் கட்டடமும் பெஞ்சும் சமூகத்தின் பொறுப்பு. கட்டி முடித்துக் காட்டினால், மாகாண அரசு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும். பிற்காலத்தில் கட்டடத்துக்கும் 'பவுண்டுக்குப் பவுண்டு' என்று ஒரு முறை வந்தது. நீங்கள் ஒரு பவுண்டு திரட்டினால் அரசு ஒரு பவுண்டு போடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நேட்டாலில் இருந்த இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி உருவானவைதான். கோயில் கமிட்டி, மசூதி அறக்கட்டளை, தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், காய்கறி விற்றவர்கள், சந்தைக் கடைக்காரர்கள் என்று எல்லோரும் போட்ட காசு அது. கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, வியாபாரத்தில் சம்பாதித்து, பள்ளிகளுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் வாரிக் கொடுத்த எம். எல். சுல்தான் போன்ற பெரிய கொடையாளிகளும் இருந்தார்கள். ஆனாலும் நன்கொடைப் பட்டியல்களைப் பார்த்தால் ஷில்லிங் கணக்கில் கொடுத்தவர்கள்தான் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். ஆயாவின் அப்பா கல் சுமந்தார் என்பதை நம்ப எனக்குத் தயக்கமே இல்லை. காசு இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உழைப்பைக் கொடுப்பது சாதாரணமாக நடந்தது.

இதில் நம்மூர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. 1927இல் இந்திய அரசும் தென்னாப்பிரிக்க அரசும் கேப் டவுன் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்திய அரசின் முதல் முகவராகப் போனவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அந்த ஒப்பந்தத்தின்படி நேட்டாலில் இந்தியர் கல்வி பற்றி விசாரணைக் குழு அமைத்தார்கள். அதற்கு உதவ இந்தியாவிலிருந்து இரண்டு கல்வியாளர்கள் போனார்கள். ஒருவர் ஐக்கிய மாகாணத்துக் கல்வி அதிகாரி கிச்லு. இன்னொருவர் மிஸ் கார்டன், நம் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். 1929இல் சாஸ்திரி பெயரிலேயே டர்பனில் உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கும் பணம் சமூகத்தினுடையதுதான். அங்கே பயிற்சி பெற்று வெளியே வந்த இளைஞர்கள்தான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்த எளிய பள்ளிகளின் தலைமையாசிரியர்களாக இருந்தார்கள்.

அரசு ஏன் தானே கட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதே 1927 ஒப்பந்தத்தில் இந்தியர்களைப் பணம் கொடுத்துத் திருப்பி அனுப்பும் திட்டமும் இருந்தது. என்றைக்கு இருந்தாலும் இவர்கள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள் என்பதுதான் ஆட்சியாளர்களின் நினைப்பு. இந்தியர்களை அந்த நாட்டின் நிரந்தரக் குடிமக்களாக அரசு ஏற்றுக்கொண்டது 1961இல். முதல் கப்பல் வந்து நூறு ஆண்டுகள் கழித்து! நாளை அனுப்பிவிட நினைக்கும் ஆளுக்கு யார் இன்று பள்ளிக்கூடம் கட்டுவார்கள்?

அப்புறம் பெரியப்பாவின் கட்டடம். 1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த இனம் எந்தத் தெருவில் வாழலாம் என்று வரைபடத்தில் கோடு கிழிக்கும் சட்டம். டர்பனுக்கான முக்கிய அறிவிப்பு 1958இல் வெளியானது. கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இந்தியர்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் கோயிலும் பள்ளியும் கட்டி வைத்திருந்தார்கள். அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் என்ற நெருக்கடியான குடியிருப்பும் காலியானது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும். அவர்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் நகரத்தில் படித்தது டிப்போ ரோடு பள்ளியில். இன்று சாட்ஸ்வொர்த்தில் 'டிப்போ ரோடு மெமோரியல்' என்ற பெயரில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் டிப்போ இல்லை, டிப்போ ரோடும் இல்லை. நகரத்தில் விட்டுவிட்டு வந்த தெருவின் பெயரைப் பள்ளிக்கு வைத்து, கூடவே 'நினைவு' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் முறை அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சாட்ஸ்வொர்த் பதினோரு யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்ட ஊர். அப்போது பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். மூன்றாம் யூனிட் என்றால் ரோடு 301, 302 என்று போனது. ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்புகள், மறுபக்கம் உம்லாசி என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பு. நடுவில் தடுப்புச் சுவர் போல இந்தியர்களை வைத்தார்கள். ஆட்களைக் கொண்டு வந்து இறக்கிய வேகத்தில் பள்ளிகளைக் கட்டவில்லை. அதனால் 'பிளட்டூன்' முறை சாட்ஸ்வொர்த்திலும் தொடர்ந்தது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மதியத்துக்கு மேல் இன்னொரு பள்ளி. பெயரே வேறு, தலைமையாசிரியரும் வேறு. மதியப் பள்ளிப் பிள்ளைகள், காலைப் பிள்ளைகள் வெளியே வரும்வரை வெயிலிலோ மழையிலோ நிற்க வேண்டும். உங்கள் பெரியப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் காலையா மதியமா என்று. அந்தத் தலைமுறையில் பலர் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கில் இதற்கு நேர் எதிராக நடந்தது. அங்கே மக்கள் நகரத்தை விட்டு, இந்தியருக்கென்று ஒதுக்கிய லெனேசியாவுக்குப் போக மறுத்ததால், அரசு பள்ளியை முதலில் லெனேசியாவுக்கு மாற்றியது. பிள்ளை படிக்க வேண்டுமானால் குடும்பம் பின்னால் வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதை எதிர்த்து 1955இல் ஃபோர்ட்ஸ்பர்க்கில் பெற்றோரும் அந்நாட்டுக் காங்கிரஸ் இயக்கத்தவரும் சேர்ந்து தனியாகவே ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்தினார்கள். டர்பனில் பள்ளியில்லாத இடத்துக்குக் குடும்பங்களை அனுப்பினார்கள், ஜோஹன்னஸ்பர்க்கில் பள்ளியைக் காட்டிக் குடும்பங்களை இழுத்தார்கள்.

1965இல் இந்தியர் கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நேட்டால் மாகாணத்திடமிருந்த இந்தியப் பள்ளிகள் எல்லாம் மத்திய அரசின் இந்தியர் விவகாரத் துறைக்குப் போயின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1953லேயே பாண்டு கல்விச் சட்டம், கலப்பினத்தவருக்கு 1963இல் ஒரு சட்டம், இப்போது இந்தியருக்கு ஒன்று. இதற்குப் பிறகுதான் சாட்ஸ்வொர்த்தில் ஒரே வார்ப்பில் வார்த்தது போல அரசுக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. பெரியப்பா பார்த்தது இதைத்தான். அரசு கட்டியது என்பது உண்மை. ஆனால் எதற்குப் பதிலாகக் கட்டியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மையாகும். சொந்தக் காசில் கட்டிய பள்ளிகளை விட்டு விரட்டி, வேறு இடத்தில், தன் பாடத்திட்டத்தோடும் தன் இன்ஸ்பெக்டர்களோடும் கட்டிக் கொடுத்தது. பழைய பள்ளியில் ஊர்க் கமிட்டிக்கு இருந்த சொல், புதிய பள்ளியில் இல்லை. அரசியல் பேசிய ஆசிரியரைத் தூரத்து ஊருக்கு மாற்றல் செய்துவிடும் வழக்கமும் இருந்தது.

இதோடு நிறுத்தினால் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னவனாவேன். 1969-70இல் ஒரு பிள்ளையின் படிப்புக்கு அரசு செலவழித்த தொகையைப் பாருங்கள். வெள்ளைக் குழந்தைக்கு 282 ராண்ட். இந்தியக் குழந்தைக்கு 81. கலப்பினக் குழந்தைக்கு 73. கறுப்பினக் குழந்தைக்கு 17. 'நாங்களே கட்டினோம்' என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்லும்போது இந்த 17ஐயும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. உம்லாசியில் இருந்த பெற்றோரும் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காகக் கையிலிருந்து காசு போட்டவர்கள்தான். இந்தியப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது, ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்களாக இருந்தார்கள், வகுப்பும் கறுப்பினப் பிள்ளைகளுடையதை விட எவ்வளவோ தேவலை. ஆயாவின் அப்பா கல் சுமந்தது எவ்வளவு உண்மையோ, அதே கல்லை அவர் பேரன்மாருக்கு அரசு சுமக்கத் தொடங்கிய பிறகும் பக்கத்து ஊரில் சுமந்துகொண்டே இருந்தார்கள் என்பதும் அவ்வளவு உண்மை.

எது உறுதி, எது சந்தேகம் என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சட்டங்கள், ஆண்டுகள், உதவி பெறும் பள்ளிகளின் ஏற்பாடு, குடிபெயர்ப்பு, மேலே சொன்ன தொகைகள் எல்லாம் உறுதியானவை. பள்ளிகள் வெளியிடும் பொன்விழா, நூற்றாண்டு மலர்களில் 'தொடங்கிய ஆண்டு' என்று போட்டிருப்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலர் கோயில் தாழ்வாரத்தில் முதல் வகுப்பு நடந்த ஆண்டைப் போடுவார்கள். சிலர் அரசு மானியம் கிடைத்த ஆண்டைப் போடுவார்கள். சிலர் சாட்ஸ்வொர்த் கட்டடத்தின் ஆண்டைப் போடுவார்கள். மூன்றுமே பொய்யில்லை, ஆனால் ஒன்றுக்கொன்று நாற்பது ஆண்டுகள் வித்தியாசம் வந்துவிடும். தனி ஒருவர் முழுப் பள்ளியையும் கட்டிக் கொடுத்தார் என்ற கதைகளிலும் கவனம் தேவை. கல்வெட்டில் பெயர் இருப்பது பெரும்பாலும் அதிகம் கொடுத்தவருடையதுதான், எல்லோரும் கொடுத்ததை அது சொல்லாது.

மலரை விட நம்பகமானது சேர்க்கைப் பதிவேடு. ஒரு பள்ளியில் அப்படி ஒன்றை என் மடியில் வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீளவாக்கில் பெரிய புத்தகம், முதுகு பிய்ந்து துணி டேப் ஒட்டியிருந்தது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், முகவரி, முன்பு படித்த பள்ளி, விலகிய தேதி, காரணம் என்று கட்டங்கள். கோவெண்டர், நாயுடூ, பிள்ளே, மூட்லி, படையாச்சி என்று ஆங்கில எழுத்துக்குள் நம் பெயர்கள் நெளிந்து கிடந்தன. கவுண்டர்தான் கோவெண்டர், முதலியார்தான் மூட்லி. 1960களின் பக்கங்களுக்கு வந்தபோது காரணம் என்ற கட்டத்தில் 'சாட்ஸ்வொர்த் போய்விட்டார்கள்' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வரியிலும் அதுவே. அதற்கடுத்து 'மேற்படி' என்பதற்கான புள்ளிகள் போட்டுப் பக்கத்தின் அடிவரை போயிருந்தது. எழுதியவர் அந்தப் பிள்ளைகளின் ஆசிரியராக இருந்திருப்பார். ஒவ்வொரு வாரமும் வகுப்பில் சில பெஞ்சுகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பார்.

தமிழ் பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாடமொழி எப்போதும் ஆங்கிலம்தான். தமிழ் சொல்லிக் கொடுத்தது பள்ளி விட்ட பிறகு, கோயிலிலும் சங்கங்களிலும், பெரும்பாலும் சம்பளமில்லாத ஆசிரியர்கள். சில பள்ளிகளில் பகலில் ஆங்கிலப் பள்ளி நடந்த அதே அறையில் மாலையில் தமிழ் நடந்தது. 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனிச் சபைகள் கொண்ட முச்சபை நாடாளுமன்றம் வந்து, இந்தியர் பள்ளிகள் இந்தியருக்கான பிரதிநிதிகள் சபையின் கீழ் போனபோது, இந்திய மொழிகள் தொடக்கப் பள்ளியில் பாடமாயின. கறுப்பினத்தவரை முழுக்க வெளியே நிறுத்திய அந்தச் சபைத் தேர்தலைப் பெரும்பாலான இந்தியர்கள் புறக்கணித்தார்கள். அதனால் தமிழுக்குக் கிடைத்த அந்த இடமும் சங்கடத்தோடுதான் கிடைத்தது. இனஒதுக்கல் ஆட்சி முடிந்த பிறகு அது தேய்ந்தது. 2014இல் தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஆகியவற்றை விருப்பப் பாடமாக எடுக்க அரசு மீண்டும் வழி செய்தது.

1996இல் வந்த பள்ளிகள் சட்டம் எல்லாக் கதவுகளையும் திறந்தது. இன்று சாட்ஸ்வொர்த் பள்ளிகள் பலவற்றில் உம்லாசியிலிருந்தும் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வரும் சூலு பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே சட்டம் பள்ளிதோறும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக்குழு வேண்டும் என்றது. 1966இல் ஊர்க் கமிட்டியின் கையிலிருந்து போன சொல், முப்பது ஆண்டு கழித்துப் பெற்றோரிடம் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பெற்றோரில் உம்லாசிக்காரர்களும் உண்டு என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அடுத்த முறை போகும்போது ஆயாவிடம் பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள், பெயர் குழப்பும். பள்ளிக்குப் போகும்போது எந்த ரோடு வழியாக நடந்தீர்கள், பக்கத்தில் எந்தக் கோயில், தலைமையாசிரியர் யார் என்று கேளுங்கள். அந்த மூன்றும் தெரிந்தால் பழைய கட்டடம் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். சாட்ஸ்வொர்த் பள்ளி அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். முதல் பக்கங்களில் 'முன்பு படித்த பள்ளி' என்ற கட்டத்தைப் பாருங்கள். அனுமதி கிடைத்தால் அதை மட்டும் படம் எடுத்து வாருங்கள். ஆயாவின் அப்பா பெயரும், கிடைத்தால் அவர் குடும்பத்தின் ஒப்பந்தக் கூலி எண்ணும் இருந்தால், கப்பல் பட்டியலில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள் என்பதையும் தேட உதவுகிறேன்.